ஜெய்சால்மரில் ஏழு வருஷம்: கோத்தகிரியில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கோத்தகிரிக்காரன். காற்றாலை வேலைக்காக 2013 முதல் 2020 வரை ராஜஸ்தானில், ஜெய்சால்மர் டவுனுக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் வாடகைக்கு இருந்தேன். திரும்பி வந்து இத்தனை காலமாகியும் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், கல்யாணப் பந்தியில், முடிவெட்டும் நாற்காலியில் என்று எங்கே உட்கார்ந்தாலும் அதே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, ஒரேடியாகப் பதில் சொல்லி வைக்கிறேன்.

"பாலைவனம்னா வெறும் மணல்தானே தம்பி? அங்க மனுசன் எங்க இருப்பான்?"

தார் பாலைவனம் உலகத்துப் பாலைவனங்களிலேயே ஜனநெருக்கம் அதிகமுள்ள ஒன்று. படத்தில் வருகிற மணல்மேடு வேண்டுமானால் டவுனிலிருந்து 40 கி.மீ. தள்ளி சம் என்ற கிராமத்துப் பக்கம் போக வேண்டும். நான் இருந்த இடத்தில் சரளைக்கல், மஞ்சள் பாறை, முட்செடி, நடுவில் ஒரு ஊர். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, மாட்டுக்கொட்டகை, செல்போன் டவர் எல்லாம் உண்டு.

ஜெய்சால்மர் 1156இல் உண்டான ஊர். கோட்டைக்குள் இன்றைக்கும் குடும்பங்கள் சமைத்து, துணி காயப்போட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டு இருக்கின்றன. கோயம்புத்தூர் வெள்ளைக்காரக் கலெக்டர் சல்லிவன் ஊட்டியில் கல்வீடு கட்ட ஆரம்பித்தது 1822இல்தான். தோடரும் கோத்தரும் படுகரும் அதற்கு வெகுகாலம் முன்பே இங்கே இருந்தார்கள், அது வேறு விஷயம். டவுன் கணக்கைச் சொல்கிறேன்.

"சரி, பிடிச்சுப்போற மாதிரி அங்க அப்படி என்னத்தைக் கண்டே?"

முதலில் பிடித்தது துணி காய்ந்தது. சிரிக்காதீர்கள். ஐப்பசியில் ஒரு ஜீன்ஸ் பேன்டை அடுப்புக்கு மேலே கொடி கட்டி மூன்று நாள் காயப்போட்டு, நாலாம் நாள் புகை வாசனையோடு போட்டுக்கொண்டு போனவன் நான். பீரோவில் வைத்த பத்தாம் வகுப்பு சான்றிதழில் பூஞ்சணம் பூத்த வீடு எங்களுடையது. அங்கே போன முதல் வாரம் துவைத்துப்போட்ட பேன்ட், நான் டீ குடித்து முடிப்பதற்குள் அப்பளமாகிக் கிடந்தது. உப்பு ஜாடியில் உப்பு உதிர்ந்து விழுந்தது. தீப்பெட்டி ஒரே உரசலில் பற்றியது.

இரண்டாவது, வானம். நமக்கு இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை மறைக்கும். மலை மறைக்காவிட்டால் மேகம் மறைக்கும். அங்கே ஒரு லாரி வருவது தெரிந்து, அது நம்மிடம் வந்து சேர்வதற்குள் ஒரு பீடி பிடித்து முடிக்கலாம். ராத்திரி கயிற்றுக்கட்டிலில் மொட்டைமாடியில் படுத்தால் நட்சத்திரம் தலைக்கு மேலே மட்டும் இல்லை, கால்மாட்டிலும் இருக்கும். முதல் மாதம் எனக்குத் தூக்கம் வரவில்லை. திறந்த வெளியில் கதவில்லாமல் படுத்த மாதிரி ஒரு கூச்சம். அப்புறம் ஊருக்கு லீவில் வந்தபோது, நம்ம வீட்டு அறைதான் நெஞ்சை அடைத்தது.

மூன்றாவது காரணம் தண்ணீர். அதைத் தனியாகச் சொல்கிறேன், கீழே.

"வெயில்ல எப்படிங்க தாங்குனீங்க? இங்க மேட்டுப்பாளையம் இறங்கினாலே நமக்கு மயக்கம் வருது."

2016 மே 19ஆம் தேதி பக்கத்தில் பலோடியில் 51 டிகிரி பதிவானது. இந்தியாவில் அதுவரை அளந்ததிலேயே அதுதான் உச்சம். நாங்கள் அந்த வாரம் காற்றாலை டவர் ஏறவே இல்லை. மற்ற கோடை நாட்களில் விடியற்காலை ஐந்துக்கு ஏறி, ஒன்பதரைக்குள் இறங்கிவிடுவோம். வெளியில் வைத்த ஸ்பேனரை வெறுங்கையில் எடுத்தால் கொப்புளம்தான்.

மேட்டுப்பாளையம் வெயிலில் சட்டை நனையும். அங்கே வேர்வை வந்ததே தெரியாது, காற்று குடித்துவிடும். சாயங்காலம் சட்டையைக் கழற்றினால் முதுகில் வெள்ளையாக உப்புக்கோடு மட்டும் இருக்கும். அதனால்தான் ஆபத்து. தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் வீட்டுக்காரர். அவரை நான் "காக்கா சா" என்று கூப்பிடுவேன். காக்கா என்றால் சித்தப்பா, "சா" மரியாதைக்கு. போனில் இதைக் கேட்ட எங்கள் அம்மா, பெரிய மனுஷரைக் காக்கா என்கிறாயே என்று ஒரு வாரம் திட்டினார்.

ஊரே வெயிலுக்கு ஏற்றபடிதான் நடக்கும். தடித்த கல்சுவர், சின்ன ஜன்னல், நிழல் விழும்படி ஒடுக்கமான சந்து. பதினொரு மணிக்கு மேல் தெருவில் நாய்கூட இருக்காது. ஆனால் ஜூன் மாதத்தில் அங்கே இரவு எட்டு மணி வரை வெளிச்சம் இருக்கும். நம்மைவிட மேற்கே, வடக்கே இருப்பதால் அப்படி. ஐந்து மணிக்கு மேல் இரண்டாவது பகல் ஒன்று தொடங்குகிற மாதிரி. கடை, கல்யாணப் பேச்சு, கொத்து வேலை எல்லாம் அப்போதுதான்.

"அப்ப ஸ்வெட்டரை இங்கயே வெச்சுட்டுப் போயிடலாமா?"

வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்கள். தை மாத விடியற்காலை ஏழெட்டு டிகிரிக்கு இறங்கும், சில நாள் அதற்கும் கீழே. ஈரமில்லாத குளிர் என்பதால் எலும்புக்குள் போகாது, பத்து மணிக்கு வெயில் வந்ததும் போய்விடும். கோத்தகிரிக்காரனுக்கு அது குளிரே இல்லை. அவர்கள் கம்பளி போர்த்தி நெருப்பு மூட்டி உட்கார்ந்திருக்கும்போது நான் பனியனோடு பல் விளக்கியதை ஊரே வேடிக்கை பார்த்தது.

"சாப்பாட்டுக்கு என்ன பண்ணுனீங்க? நம்ம இட்லி தோசை கிடைக்குமா?"

ஜோத்பூரில் கிடைக்கும். கிராமத்தில் நாமே மாவாட்ட வேண்டும். இங்கே மாவுப் பாத்திரத்தைப் போர்வை சுற்றி அடுப்போரம் வைத்தாலும் பொங்க மறுக்கும். அங்கே மே மாதத்தில் மூன்று மணி நேரத்தில் மூடியைத் தள்ளிவிடும், மத்தியானத்துக்குள் வாயில் வைக்க முடியாத புளிப்பு. இரண்டு வாரத்தில் கைவிட்டேன்.

அப்புறம் அவர்கள் சாப்பாடுதான். கம்பு ரொட்டி, அதற்கு சோக்ரா என்று பெயர். கம்பு மாவை மோரில் காய்ச்சிய ராப். வாயில் வைத்ததும் சமவெளியிலிருந்த பாட்டி வீட்டுக் கம்பங்கூழ் ஞாபகம் வந்து எழுந்து வெளியே போய்விட்டேன். கேர் சாங்ரி என்று ஒரு கறி. கேர் என்பது சுண்டைக்காய் அளவு காட்டுக்காய், கசப்புப் போக ஊறவைக்க வேண்டும். சாங்ரி என்பது நம்ம வன்னி மரத்துக் காய். கோயிலில் சுற்றிவந்து கும்பிடுகிற மரத்தின் காயை நான் தொட்டுக்கொண்டு சாப்பிடுவேன் என்று நினைத்ததில்லை. காய்ந்த சாங்ரி வருஷக்கணக்கில் கெடாது. பச்சைக் காய்கறி இல்லாத ஊரில் அதுதான் காய்கறி.

"தண்ணிக்கு என்னய்யா பண்ணுவாங்க?"

இதை நூறு பேராவது கேட்டிருப்பார்கள். கேட்பவர் வீட்டில் அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வந்து எட்டு நாள் ஆகியிருக்கும், அதுதான் வேடிக்கை.

ஜெய்சால்மரில் வருஷத்துக்குச் சுமார் 180 மில்லிமீட்டர் மழை. 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி நம்ம அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்தச் செய்தியைக் காக்கா சாவிடம் சொன்னேன். அவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுவிட்டு, "எங்களுக்கு நாலு வருஷத்து மழை. அதை எங்கே வைத்தீர்கள்?" என்று கேட்டார். ஓடிப்போய்விட்டது என்றேன். அவர் பதில் பேசவில்லை.

அவர் வீட்டுப் பின்னால் ஒரு டாங்கா இருந்தது. நிலத்தடித் தொட்டி. மூன்று மீட்டர் அகலம், மூன்று மீட்டர் ஆழம், வட்டமாகச் சுண்ணாம்பு பூசியது. கிட்டத்தட்ட 21,000 லிட்டர் பிடிக்கும். அதைச் சுற்றி இருநூறு சதுர மீட்டர் தரையைச் சரிவாக்கி, கெட்டிப்படுத்தி வைத்திருப்பார்கள். அதில் விழும் மழையில் பாதி மண் குடித்தாலும் மீதி 18,000 லிட்டர் உள்ளே இறங்கும். ஆறு பேர் குடிக்க, சமைக்க ஒரு நாளைக்கு 48 லிட்டர் என்று வைத்தால் வருஷம் முழுக்கப் போதும். ஆடி பிறக்கும் முன்பே வீட்டுப் பெண்கள் அந்தச் சரிவைப் பெருக்கி வழித்துவிடுவார்கள். செருப்புக் காலோடு அதில் நடந்ததற்காக நான் ஒருமுறை செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். தொட்டியின் மூடிக்குப் பூட்டு உண்டு. நகைப்பெட்டிக்குப் பூட்டு இருந்ததா என்று கவனித்ததில்லை.

இது போக, பேரி என்று வாய் குறுகிய கிணறு. பூமிக்கு அடியில் ஜிப்சம் அடுக்கு இருக்கும் இடத்தில், மழைநீர் கீழே உப்புநீரோடு கலக்காமல் அதன் மேல் தங்கும். அதைக் குடைந்து எடுக்கிறார்கள். காதீன் என்று இன்னொன்று: பாறைச் சரிவின் அடியில் கரை போட்டு மழைநீரைத் தேக்கி, அது மண்ணுக்குள் இறங்கியதும் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பது. பாலிவால் சமூகத்தார் சில நூற்றாண்டுகளுக்கு முன் செய்த ஏற்பாடு. அதற்குப் பிறகு ஒரு பாசனம் கிடையாது, விளையும். நானே பார்த்தேன்.

"கால்வாய் வந்துருச்சாமே, அப்புறம் எதுக்கு இந்தத் தொட்டியெல்லாம்?"

வந்தது உண்மை. பஞ்சாபில் சட்லஜும் பியாஸும் சேரும் ஹரிகே அணையிலிருந்து சுமார் 650 கி.மீ. நீளத்துக்கு இந்திரா காந்தி கால்வாய். 1958இல் வேலை தொடங்கியது. பல ஊர்களுக்கு வாழ்வு வந்தது, சில இடங்களில் நீர் தேங்கி நிலம் உப்பேறியது, கொசு வந்தது. குழாய் வந்த கிராமங்களில் டாங்காவில் குப்பை விழுந்து கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். காக்கா சா வீட்டில் குழாயும் உண்டு. அந்தத் தண்ணீர் மாட்டுக்கு, துணிக்கு. குடிக்க டாங்காதான். குழாய்த் தண்ணீருக்கு ருசி இல்லை என்பார்.

"பச்சையே இல்லாம கண்ணு காஞ்சு போயிடாதா?"

போகும். முதல் வருஷம் தேயிலைத் தோட்டத்துப் போட்டோவை செல்போனில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் இங்கே ஆயிரம் மரத்துக்கு நடுவில் எந்த மரத்தையும் நான் பார்த்ததில்லை. அங்கே வழியில் நிற்கிற ஒவ்வொரு வன்னிக்கும் ஓர் அடையாளம், அதன் நிழலில் ஒரு பானை.

1730இல் ஜோத்பூர் பக்கம் கேஜட்லி கிராமத்தில் அரண்மனை வேலைக்காக வன்னி மரங்களை வெட்ட ஆள் வந்தபோது, அம்ரிதா தேவி என்ற பெண் மரத்தைக் கட்டிப்பிடித்து உயிரை விட்டார். அவரைத் தொடர்ந்து பிஷ்ணோய் மக்கள் மொத்தம் 363 பேர் இறந்தார்கள். கேஜ்டி என்றால் வன்னி, ஊர்ப் பெயரே மரத்தின் பெயர். ஓரண் என்று சாமிக்கு விட்ட காடுகளும் உண்டு. அங்கே கிளை ஒடிக்க மாட்டார்கள், மேய்ச்சலுக்கு மட்டும் விடுவார்கள். நம்ம கோயில்காடு மாதிரிதான். கூடவே நம்ம ஊர்ச் சீமைக்கருவேலமும் அங்கே மண்டிக் கிடக்கிறது. அதைப் பார்த்ததும் மட்டும் சொந்த ஊர் நினைப்பு வரவில்லை.

"நீங்க போட்ட காற்றாடியால அபூர்வப் பறவை சாகுதுன்னு பேப்பர்ல பார்த்தேனே?"

கானமயில். உலகத்தில் மிச்சம் இருப்பது 150க்கும் குறைவு, பெரும்பாலும் ஜெய்சால்மர் பக்கம்தான். கனமான பறவை, நேர் எதிரே இருப்பது அதற்குச் சரியாகத் தெரியாது, மின்கம்பியில் மோதிச் சாகிறது. காற்றாலைக்கும் சோலாருக்கும் இழுத்த கம்பிகள் இதில் பெரிய காரணம். 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கம்பிகளை நிலத்தடியில் கொண்டுபோகச் சொன்னது. 2024 மார்ச்சில் அந்த உத்தரவை மாற்றி, நிபுணர் குழு அமைத்தது.

ஓரண் நிலத்திலும் மின் திட்டங்கள் வருவதாக ஊர்க்காரர்கள் சண்டை போட்டார்கள், நடைபயணம் போனார்கள். என் சம்பளம் அந்தக் காற்றிலிருந்து வந்தது. என்னைத் தம்பி மாதிரி வைத்திருந்த மனிதர்கள் என் வேலையைப் பிடிக்காமல்தான் எனக்குச் சோறு போட்டார்கள். இதற்கு மேல் நான் நியாயம் பேச முடியாது.

"ஆளுங்க எப்படி? முரட்டுத்தனமா இருப்பாங்களோ?"

மீசை முரட்டுத்தனமாக இருக்கும். பேச்சு "ஹுகும்" என்றுதான் ஆரம்பிக்கும், சின்னப் பையனுக்கும் மரியாதை. பைக் பழுதாகி நின்றால் அடுத்து வருகிறவர் நிறுத்தாமல் போகவே மாட்டார். அந்த வெயிலில் நிறுத்தாமல் போவது என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும்.

மங்கணியார் என்ற இசைக்காரர்கள் முஸ்லிம்கள். தலைமுறை தலைமுறையாக இந்து வீடுகளின் பிறப்புக்கும் கல்யாணத்துக்கும் வந்து, அந்தக் குடும்பத்தின் வம்சத்தைப் பாட்டாகப் பாடுவார்கள். காமைச்சா என்ற வாத்தியத்தின் கரகரப்பை ராத்திரி தூரத்திலிருந்து கேட்க வேண்டும்.

ஆனால் இனிப்பாக மட்டும் சொன்னால் பொய். பெண்கள் மாமனார் முன்னால் முக்காட்டை இழுத்துவிட்டுத்தான் நிற்பார்கள். காக்கா சாவின் மருமகள் முகத்தை நான் ஏழு வருஷத்தில் பார்த்ததே இல்லை, குரல் மட்டும் தெரியும். எந்த டம்ளரில் யாருக்குத் தண்ணீர் என்பதும் நடக்கும். நம்ம பக்கம் டீக்கடைகளிலும் இருந்ததுதானே என்று நீங்கள் சொல்லலாம். இருந்தது.

"எங்க அத்தைக்கு வீசிங். காஞ்ச காத்துன்னா நல்லதுதானே, ஒரு மாசம் கூட்டிட்டுப் போகலாமா?"

டாக்டரைக் கேட்காமல் போகாதீர்கள். பூஞ்சணமும் ஈரமும் இல்லாததால் சிலருக்குச் சுகமாக இருக்கலாம். ஆனால் மே, ஜூனில் ஆந்தி என்கிற புழுதிப்புயல் வந்தால் பட்டப்பகல் பழுப்பாகிவிடும். கதவை மூடினாலும் சோற்றில், காதில், தலையணைக்குள் புழுதி. எனக்கே மூக்கில் ரத்தம் வந்தது, உதடு வெடித்தது. ராஜஸ்தானின் கல்குவாரிகளில் தூசு தின்று நுரையீரல் போன தொழிலாளர்கள் ஏராளம். காய்ந்த காற்று எல்லாருக்கும் மருந்து ஆகாது.

"மழையே இல்லைன்னா வெள்ளம் இல்லை, மண்சரிவு இல்லை. அது நிம்மதிதானே?"

2009 நவம்பரில் நம்ம மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் பலிகொண்ட மழையைப் பார்த்தவர்கள் இதைக் கேட்பது புரிகிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் ஜீப் டிரைவர் பக்கத்து மாவட்டமான பார்மர்க்காரர். 2006 ஆகஸ்டில் அங்கே கவாஸ் கிராமம் மூழ்கியதைச் சொன்னார். சில நாட்களில் வருஷ மழையைவிட அதிகமாகப் பெய்து, தண்ணீர் வடியாமல் வாரக்கணக்கில் நின்றது. பேரிக் கிணற்றுக்குத் தண்ணீர் தருகிறது என்று மேலே சொன்னேனே, அதே ஜிப்சம் அடுக்குதான் அந்த வெள்ளத்தையும் உள்ளே இறங்க விடவில்லை. பாலைவனத்துக்காரருக்கு நீச்சலும் தெரியாது.

"ரெண்டு நாள் டூர் போனா போதுமா? எப்பப் போகலாம்?"

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. மணல்மேட்டில் ஜீப் ஓட்டுவதையும் ஒட்டகத்தில் போட்டோ எடுப்பதையும் ஒரு சாயங்காலத்தில் முடித்துவிட்டு, மறுநாள் ஏதாவது ஒரு கிராமத்தில் தங்குங்கள். கோட்டைக்குள் தங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். குடத்தில் தண்ணீர் சுமந்த காலத்துக்குக் கட்டிய கோட்டை அது. இப்போது ஓட்டல் குளியலறைகளின் தண்ணீர் அஸ்திவாரத்துக்குள் கசிந்து மதில்களைக் கெடுக்கிறது. மழையில்லாத ஊரின் கோட்டை தண்ணீரால் இடிகிறது.

"நிலம் சீப்பா? ஒரு பிளாட் போட்டு வெக்கலாமா?"

குன்னூரில் ஒரு சென்ட் விலை கேட்டவருக்கு எல்லாமே சீப்தான். கேட்க வேண்டியது தண்ணீர் எங்கே என்பது. அதற்கான பதிலை மேலே படித்திருப்பீர்கள்.

"அவ்வளவு நல்லா இருந்துச்சுன்னா ஏன் திரும்பி வந்தே?"

அப்பாவுக்கு முழங்கால் போய்விட்டது. ஒரு ஏக்கர் தேயிலை, கொழுந்து எடுக்க ஆள் கிடைப்பதில்லை, பச்சைத் தேயிலைக்கு வருகிற விலையில் ஆள் வைக்கவும் முடியாது. நான் ஒரே பையன். அவ்வளவுதான் காரணம்.

வந்த முதல் வருஷமே வீட்டுக்குப் பின்னால் 20,000 லிட்டருக்கு ஒரு தொட்டி கட்டினேன். தகரக் கூரைத் தண்ணீர் முழுவதும் அதில் விழும். மழை பெய்கிற ஊரில் மழையைப் பிடித்து வைக்கிற பைத்தியம் என்றார்கள். மார்ச் மாதம் குடத்தோடு வந்தவர்களில் அப்படிச் சொன்னவரும் இருந்தார். குடத்தை நிரப்பிக் கொடுத்தேன். மூடிக்குப் பூட்டு மட்டும் போட்டிருக்கிறேன்.

"இப்பவும் அவங்களோட பேச்சு வார்த்தை உண்டா?"

காக்கா சா வருஷத்தில் ஒருமுறை தவறாமல் கூப்பிடுவார், ஜூன் முதல் வாரத்தில். அவர்கள் பாஷையில் மழைக்கு மேஹ் என்று பெயர், மேகம் மாதிரியே கேட்கும். "மேஹ் உங்கள் ஊருக்கு வந்துவிட்டதா?" என்பார். எங்கள் பக்கம் சாரல்தான், கூடலூரில் கொட்டுகிறது என்பேன். கேரளத்தில் நுழைந்த பருவமழை அவர் ஊரை எட்ட இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். போனை வைக்கும் முன் மருமகளைக் கூப்பிட்டு, டாங்காவைச் சுற்றியுள்ள சரிவைப் பெருக்க ஆரம்பிக்கச் சொல்வது எனக்கும் கேட்கும்.